சந்தில் ஓட்டத் தெரியும்... வளைவில்? குருசுக்குப்பம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து வடக்கே நடந்தால், நடைபாதையின் பளபளப்பு ஓர் இடத்தில் முடிந்துபோகும். செல்ஃபி எடுக்கும் கூட்டம், மஞ்சள் சுவர் கட்டடங்கள், சுண்டல் விற்பவர்கள் எல்லாம் பின்தங்கிவிடுவார்கள். அதன் பிறகு வருவது குருசுக்குப்பம். குருசு என்றால் சிலுவை. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து, கடலோர மக்களின் நாவில் நிலைத்துப்போன சொல். குப்பம் என்றால் மீனவர் ஊர். பாதி வரலாறு பெயரிலேயே இருக்கிறது.

வடக்கே ஒட்டினாற்போல வைத்திக்குப்பம், அதற்கப்பால் சோலை நகர். எது எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. உள்ளூர்க்காரருக்கு அது ஒரு வீட்டு வாசலும் ஒரு மின்கம்பமும்தான்.

இங்கே கடற்கரை என்றால் மணல் இல்லை, கருங்கல் குவியல். தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கே இருந்த ஊர்களின் கரையைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். தலைமைச் செயலகம் எதிரே 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு அந்தப் பகுதியில் மணல் கொஞ்சம் திரும்பி வந்தது. குருசுக்குப்பத்தின் பக்கம் கல்தான் கரை. வலை உலர்த்தவும், படகு ஏற்றவும், பிள்ளைகள் பந்து விளையாடவும் ஒரு காலத்தில் மணல் தந்த இடத்தை, இப்போது தெருக்கள்தான் தந்தாக வேண்டும்.

அந்தத் தெருக்களில் கார் ஓட்டுவது ஒரு தனி வித்தை. ஒருபுறம் சுவரோடு சாய்த்த இரண்டு ஸ்கூட்டர், மறுபுறம் வாசலில் வலை பின்னுபவர், நடுவில் தூங்கும் நாய், எதிரே மீன் கூடையோடு வரும் ஆயா. 'கொஞ்சம் ஓரமா நிக்கிறியா ஆயா' என்று கேட்டால், 'நீ கொஞ்சம் பின்னால போயேன் தம்பி' என்று பதில் வரும். தம்பிதான் பின்னால் போவான். கண்ணாடியை மடக்கி, கிளட்சைப் பாதி விட்டு, விரல் நுனி இடைவெளியில் காரை எடுக்கத் தெரியாதவர் இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க மாட்டார்.

ஆக, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் குருசுக்குப்பத்துக்காரர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. சிக்கல் 60-க்கு மேல்.

எட்டு போட்டால் போதுமா?

இந்த ஊரில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய கதையைக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். டூவீலருக்கு எட்டு போட்டது. காருக்கு முன்னால் போய், ரிவர்ஸ் எடுத்து, நிறுத்திக் காட்டியது. அவ்வளவுதான். வண்டி வழுக்கினால் என்ன செய்வது, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால் கால் எப்படி அதிரும், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போனால் என்ன அர்த்தம் என்பதை யாரும் கற்றுத்தருவதில்லை. பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் முதன்முறையாக பிரேக்கை முழுதாக மிதிப்பது, எதிரே மாடு நிற்கும்போதுதான்.

குருசுக்குப்பத்திலிருந்து வடக்கே முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே ஒரு வேடிக்கை. முத்தியால்பேட்டை வரை புதுச்சேரி, கோட்டக்குப்பம் தமிழ்நாடு, பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டி மீண்டும் தமிழ்நாடு. எல்லைக்கோடு மூன்று முறை மாறும் தூரத்துக்குள் வண்டியின் வேகமும் மூன்று முறை மாறும். சனிக்கிழமை இரவானால் சென்னையிலிருந்து வரும் கார்களும் பைக்குகளும் அந்தச் சாலையில் தங்கள் திறமையைச் சோதித்துப் பார்க்கும். சோதனையில் தோற்றவர்களின் செய்தி மறுநாள் நாளிதழில் வரும். சாலையைக் கடக்க நின்றவரின் பெயரும் அதே செய்தியில் இருக்கும். அவர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டவர் அல்ல.

வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசையைத் தப்பென்று சொல்லிப் பயனில்லை. அது பதினெட்டு வயதில் வரும், சிலருக்கு ஐம்பதிலும் போகாது. அந்த ஆசைக்குச் சாலையைத் தவிர வேறு இடம் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. உலகத்தில் பல நாடுகளில் அதற்குக் கண்டுபிடித்த மலிவான விடை, ஆட்டோகிராஸ்.

ஒரு காலி இடம், நூறு கோன்

ஆட்டோகிராஸுக்குப் பந்தயத் தடம் வேண்டாம். விரிந்த ஒரு தரை போதும்: பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளம், பெரிய கார் நிறுத்துமிடம், மைதானம். அதில் சாலை வேலை நடக்கும் இடங்களில் வைக்கிற அதே ஆரஞ்சு கோன்களை நட்டு ஒரு வளைந்து நெளிந்த பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார்தான் ஓடும். கடிகாரம் மட்டுமே எதிராளி. யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் முதல். கோனைத் தட்டினால் நேரத்தில் தண்டனை சேரும். அமெரிக்காவில் ஒரு கோனுக்கு 2 விநாடி என்று வைத்திருக்கிறார்கள். பாதையை மாறிப் போனால் அந்தச் சுற்று கணக்கிலேயே வராது.

நாட்டுக்கு நாடு பெயரில் குழப்பம் உண்டு. பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்றால் புல்தரை, மண்தரை. இந்தியாவில் மண்ணிலும் நடத்துகிறார்கள், தாரிலும் நடத்துகிறார்கள். பிரான்சில் ஆட்டோகிராஸ் என்றால் பல கார்கள் மண் தடத்தில் ஒன்றாக முட்டி மோதுவது. கோன்களுக்கு நடுவே தனியாக ஓட்டுவதற்கு அங்கே பெயர் 'ஸ்லாலோம்'. புதுச்சேரியில் இது சும்மா தகவல் இல்லை. சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள், இன்னும் இருக்கும் ஊர் இது. பாரிஸில் சித்தப்பாவோ பெரியம்மாவோ இருக்கும் பையனிடம் ஆட்டோகிராஸ் என்று ஒருவர் சொன்னால், அவன் கைப்பேசியில் பிரெஞ்சு வீடியோ தேடிப் பார்த்துவிட்டு, 'இதுக்கு நான் வரல' என்று ஓடிவிடுவான்.

பிரான்ஸ் என்றதும் இன்னொன்று. உலகின் முதல் மோட்டார் போட்டி என்று சொல்லப்படுவது 1894 ஜூலையில் பாரிஸிலிருந்து ருவான் நகரம் வரை நடந்தது. அதில் பரிசு வேகத்துக்கு மட்டும் அல்ல. ஆபத்தில்லாமல், எளிதாக ஓட்டக்கூடியதாக, செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முதலில் வந்து சேர்ந்த நீராவி வண்டிக்கு, அதை இயக்கக் கரி போடும் ஆள் தனியாக வேண்டும் என்பதால், முதல் பரிசு கொடுக்கவில்லை. பூஷோவும் பன்ஹார்டும் அதைப் பகிர்ந்துகொண்டன. ஆட்டோகிராஸ் இந்தப் பழைய மனப்பான்மைக்குப் பக்கத்தில் நிற்கும் விளையாட்டு. வீட்டுக் காரையே கொண்டுவந்து ஓட்டலாம். மாலையில் அதே காரில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

சோழவரம் விட்டுச் சென்றது

புதுச்சேரியிலிருந்து மோட்டார் விளையாட்டைத் தேடிப் போகிறவர் முதலில் போய்ச் சேரும் இடம் இருங்காட்டுக்கோட்டை. திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு வழியாகப் போய், சிங்கப்பெருமாள் கோயிலில் இடதுபுறம் திரும்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். சுமார் 150 கிலோமீட்டர். காலை நாலரைக்குக் கிளம்பினால்தான் சரிப்படும். மேல்மருவத்தூரில் டீ.

ஒரகடத்தை நெருங்கும்போதே கார் உலகம் தொடங்கிவிடுகிறது. பிரெஞ்சு நிறுவனமான ரெனோவும் ஜப்பானின் நிஸானும் சேர்ந்து 2010-ல் திறந்த ஆலை அங்கேதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது. இன்று புதுச்சேரித் தெருக்களில் ஓடும் கார்களில் பல, இந்த வட்டாரத்தில் பிறந்தவை. அந்த ஆலைகளுக்கு நடுவே, சென்னையின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். 1990-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

அதற்கு முன்னால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்த பிறகு அதில் பந்தயம் விடத் தொடங்கினார்கள். 1953-ல் உருவான கிளப்தான் அதை வருடாந்திரத் திருவிழாவாக்கியது. டி எழுத்து வடிவத்தில் தடம். ஓரங்களில் வைக்கோல் கட்டு. வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்து நிற்கும் கூட்டம். விமான ஓடுதளம், தற்காலிகத் தடுப்பு, பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய ஏற்பாடு என்று பார்த்தால், இன்றைய ஆட்டோகிராஸ் சோழவரத்தின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

சோழவரத்தில் பெயர் வாங்கியவர்களில் கோவையின் எஸ்.கரிவரதன் முக்கியமானவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்காக, மாருதி 800-ன் 796 சிசி என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதைச் சொல்வார்கள். குடும்பங்கள் சந்தைக்குப் போக வாங்கிய காரின் இதயம் அது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அப்படிப்பட்ட காரில்தான். இடம், இதே ஸ்ரீபெரும்புதூர். அதன் பிறகு 1992-ல் அவர் பயிற்சிக்குப் போனது பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்கு. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் தொடங்கிய பந்தயத் தடத்துக்குக் கரிவரதனின் பெயரையே வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. குருசுக்குப்பத்திலிருந்து அங்கே போக ஏழு மணி நேரமாவது பிடிக்கும் என்பதால், முதல் முயற்சிக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கமே மேல்.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டோகிராஸ் தினமும் நடக்கும் சமாசாரம் இல்லை. கிளப்கள் தேதி அறிவித்து நடத்துவது. சில முறை பந்தயத் தட வளாகத்தில், சில முறை வேறு திடலில். போட்டியாக நடந்தால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மத்திய அரசு அங்கீகரித்த அமைப்பு அதுதான். ஆம்புலன்ஸ், தீயணைப்புக் கருவி, கொடி பிடிக்கும் மார்ஷல்கள் இல்லாத இடத்தில் நாலு பேர் கோன் வைத்து 'வாங்க ப்ரோ' என்று கூப்பிட்டால், அது ஆட்டோகிராஸ் இல்லை, வேடிக்கை.

ஐந்து நிமிடத்துக்காக ஒரு நாள்

புதியவரின் நாள் காரை ஓட்டுவதில் தொடங்காது. காலி செய்வதில் தொடங்கும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, கோயிலுக்குப் போனபோது வாங்கிய பித்தளைச் சொம்பு எல்லாம் வெளியே. கால்மிதி வெளியே; அது நழுவி பிரேக் பெடலுக்கு அடியில் போனால் கதை முடிந்தது. டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் கெட்டியாக ஒட்டியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஆடினால் அவரும் அன்றைக்கு வெளியேதான். பிறகு சோதனை: வீல் நட்டுகள் இறுக்கமா, பேட்டரி ஆடுகிறதா, ஆக்சிலரேட்டரை விட்டதும் பெடல் திரும்புகிறதா, பிரேக் கெட்டியா, எண்ணெய் ஒழுகுகிறதா. ஹெல்மெட் கட்டாயம். செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள். குப்பத்துப் பையன்களுக்கு இங்கேதான் முதல் கஷ்டம். ஷூ போட்டுக்கொண்டு பெடல் மிதித்துப் பழக்கமே இருக்காது.

அடுத்தது நடை. பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க வேண்டும், ஒரு முறை அல்ல, மூன்று நான்கு முறை. முதல் நடையில் எல்லாம் ஒரே ஆரஞ்சுக் கடலாகத் தெரியும். இரண்டாவதில் வாசல்கள் தெரியும். மூன்றாவதில், எந்த வளைவு முக்கியம் என்பது தெரியும். நேர்ப்பாதைக்கு முன்னால் வரும் வளைவுதான் முக்கியமானது. அதிலிருந்து எவ்வளவு சீக்கிரம் ஸ்டீயரிங்கை நேராக்க முடிகிறதோ, அந்த லாபம் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் கூடவே வரும். அனுபவசாலிகள் நடுநடுவே குனிந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். கிறுக்குத்தனமாகத் தோன்றும். காரில் உட்கார்ந்தால் கண் அந்த உயரத்தில்தானே இருக்கும்?

உட்காருவதையே பலரும் தப்பாகப் பழகியிருப்பார்கள். சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒரு கையை ஸ்டீயரிங் உச்சியில் போட்டு ஓட்டுவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்டைல். இங்கே பயிற்சி தருபவர் முதலில் அதைத்தான் உடைப்பார். தோள் சீட்டில் ஒட்டியிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கைகள் ஒன்பதுக்கும் மூன்றுக்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கிளட்சில் வேலை இல்லாதபோது இடது கால் ஓரமாக ஊன்றியிருக்க வேண்டும். வளைவில் உடம்பைத் தாங்குவது அந்தக் கால்தான், கை இல்லை.

முதல் கியரில் கிளம்பி, இரண்டாவதுக்கு மாற்றினால் பெரும்பாலும் கடைசிவரை இரண்டாவதுதான். வேகமானி என்ன சொல்கிறது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. முதல் சுற்றில் புதியவர் செய்வது அநேகமாக ஒரே தவறு: கோனையே பார்ப்பது. பார்த்த இடத்துக்குத்தான் கை போகும். கோனைப் பார்த்தால் கோனை இடிப்பார். அடுத்த வாசலை, அதற்கும் அடுத்த வாசலைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் கத்துவார். சந்தில் ஓட்டிப் பழகியவருக்கு இது இன்னும் கடினம். குருசுக்குப்பத்தில் பம்பருக்கு முன்னால் இருக்கும் நாயைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்தால் நாய் என்ன ஆவது? அங்கே சரியான பழக்கம் இங்கே தப்பாகிறது. ஆனால் வண்டியின் நாலு மூலையும் எங்கே இருக்கிறது என்ற உணர்வு சந்து கொடுத்த வரம். அது இருப்பவர், கோனுக்கு ஒரு சாண் இடைவெளியில் போய்வருவார். நகரத்துப் பெரிய சாலையில் மட்டுமே ஓட்டியவர் ஒரு கார் அகலம் விட்டு வளைவார்.

இரண்டாவது தவறு, வளைவுக்குள் பிரேக். டயர் சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான், நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. அந்தப் பிடிப்பில் பாதி பிரேக்குக்குப் போனால் வளைவுக்குக் குறைந்துதான் மிஞ்சும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு, பிறகு வளைக்க வேண்டும். 'மெதுவா உள்ளே போ, வேகமா வெளியே வா' என்று கிளப் ஆட்கள் மந்திரம்போல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். உயிரைக் காப்பாற்றுவதும் அதுவே. வேகமாக உள்ளே போய் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை என்பதால், முன்டயர் கீச்சிட்டுக்கொண்டு கார் நேராகவே போகும். பயத்தில் எல்லோரும் இன்னும் அதிகமாகத் திருப்புவார்கள். இன்னும் அதிகமாகத் திருப்பினால் இன்னும் அதிகமாக வழுக்கும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எடை முன்னால் விழும், டயர் மறுபடி பிடிக்கும். இதைப் படித்தால் மண்டையில் ஏறும், உடம்பில் ஏறாது. ஒரு டஜன் கோனைச் சாய்த்த பிறகுதான் உடம்பில் ஏறும். கோன் ரப்பர். நெடுஞ்சாலையில் அதே இடத்தில் இருப்பது புளியமரம்.

ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். நாள் முழுக்க நின்றால் ஒருவருக்கு நாலைந்து சுற்று கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் வெயிலில் எட்டு மணி நேரம் காத்திருந்து, ஓட்டுவது ஐந்து நிமிடம்! அமெரிக்காவில் மீதி நேரத்தில் போட்டியாளர்களே வெளியே நின்று, மற்றவர் தட்டிய கோனை ஓடி எடுத்து நிமிர்த்த வேண்டும் என்று வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். மற்றவர் எங்கே தட்டுகிறார் என்று பார்ப்பதே பாதிப் பாடம்.

ஐந்து கிலோமீட்டரின் கணக்கு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தாரில் சாதாரண டயரின் பிடிப்பு, புவியீர்ப்பில் சுமார் 80 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு கார் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர். 44-ல் போக முயன்றால், புவியீர்ப்புக்கும் கொஞ்சம் மேலேயே பிடிப்பு வேண்டும். டயரிடம் அது இல்லை. ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஒன்றில் கார் வளையும், மற்றதில் வளையாது. ஓட்டுபவரின் தைரியத்துக்கு இதில் இடமே இல்லை.

பிரேக்கும் அப்படித்தான். அதே பிடிப்பில், 40-ல் போகும் கார் நிற்க 8 மீட்டர். 80-ல் போனால் 16 அல்ல, 31 மீட்டருக்கு மேல். அதுவும் கால் பிரேக்கில் பட்ட பிறகு. பார்த்து, யோசித்து, காலைக் கொண்டுபோக ஒரு விநாடி ஆனால், 80-ல் அந்த ஒரு விநாடியில் மட்டும் 22 மீட்டர் ஓடிவிடும். ஆட்டோகிராஸுக்குப் போய்வந்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் தலையாட்டுவார்கள். போகாதவர்கள் 'நம்ம வண்டியில ஏ.பி.எஸ். இருக்கு சார்' என்பார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம்தான். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பிரேக் பிடிக்கும்போதே வளைக்கவும் விடும். பூமியின் விதியை மாற்றாது. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்கு அடியில் தடதடவென்று அதிரும். அதை முதன்முறை உணர்கிறவர், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார், அதுவும் சரியாக எடுக்கக்கூடாத நேரத்தில். திடலில் ஒரு முறை அந்த அதிர்வைப் பழகிவிட்டால் போதும், போன செலவு வரவாகிவிடும்.

செலவு என்றதும், அப்பாவின் காரை எடுத்துப்போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான கார் இன்ஷூரன்ஸில், பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதம் சேராது என்று எழுதியே இருக்கும். டயரின் ஓரங்கள் சீக்கிரம் தேயும், பிரேக் பேடும்தான். கோன் உரசினால் பெயின்டில் ஆரஞ்சுக் கோடு விழும்; அது தேய்த்தால் போகும். அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

சாலையில் செய்தால் என்ன என்பவர்களுக்குச் சட்டத்தின் கணக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, பொது இடத்தில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவதையும் வேகம் சோதிப்பதையும் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவர் பதினெட்டு வயதுக்குள் இருந்து குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஊருக்குள் ஒரு திடல்

நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி, அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, புதுச்சேரி டீக்கடைகளிலும் அதே பேச்சு. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் கார் பந்தயம் நடந்தபோதும் அப்படித்தான். ரசிகர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கும் இது புதிதல்ல. சென்னையின் அலிஷா அப்துல்லா கோ-கார்ட்டில் தொடங்கி பைக், கார் இரண்டிலும் போட்டியிட்டவர். கோன் பாதையில் பலத்துக்கு வேலை குறைவு, நிதானத்துக்கு அதிகம் என்பதால் முதல் நாளிலேயே தம்பியை அக்கா முந்துவது அபூர்வம் இல்லை.

குறை, இடம்தான். கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணிக்கு வாகனங்களுக்கு மூடி, மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கு விடுகிறது புதுச்சேரி. சாலையை மக்களுக்காக மூடத் தெரிந்த ஊர், வருடத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஒரு திடலைக் கோன்களுக்காகத் திறக்கலாம். பொருட்காட்சியும் அரசியல் கூட்டமும் நடக்கும் மைதானங்கள் இங்கே இல்லாமல் இல்லை. உரிமம் வாங்கிய ஒரு வருடத்துக்குள், ஒவ்வொரு புதிய ஓட்டுநரும் ஒரே ஒரு முறையாவது பிரேக்கை முழுதாக மிதித்துப் பார்க்க அது போதும். பந்தயம் என்ற பெயர் அதிகாரிகளுக்கு உறுத்தினால், பாதுகாப்புப் பயிற்சி என்று பலகை வைத்துக்கொள்ளலாம். கோன்களுக்குப் பெயர் தெரியாது.

அதுவரை குருசுக்குப்பத்துக்காரருக்கு 150 கிலோமீட்டர்தான். மாலை ஐந்து மணிக்குக் கடைசிச் சுற்று முடிந்ததும் திரும்புவதற்கும் ஒரு முறை உண்டு. பயிற்சிக்காகக் கொஞ்சம் கூட்டி வைத்த டயர் காற்றை, டயர் ஆறிய பிறகு பழைய அளவுக்கு இறக்க வேண்டும். வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். பிரேக் ஆறட்டும் என்று அரை மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, சொம்பு எல்லாம் டிக்கிக்குள் திரும்பிவிட்டதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு, செங்கல்பட்டு நெரிசலுக்கு முன்னால் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.